எத்தனை வாட் போதும்?

தாயில்பட்டி வட்டாரத்து ஜனங்களுக்குச் சத்தத்தைப் பற்றி வெளியூர்க்காரன் பாடம் சொல்லிவிட முடியாது. கரிசல் பூமி. மழையை நம்பிப் பயிர் வைத்துப் பல தடவை ஏமாந்த பூமி. அதனாலேதானோ என்னவோ, வெம்பக்கோட்டை, சிவகாசி, சாத்தூர் சுற்றுப்புறத்துக் கிராமங்கள் மழையை நம்பாத ஒரு விவசாயத்தைக் கற்றுக்கொண்டன. சத்தத்தைக் காகிதக் குழலுக்குள் அடைத்து, திரி வைத்து, பெட்டியில் அடுக்கித் தேசம் முழுவதற்கும் அனுப்புகிறார்கள். மருந்து கலக்கிற அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். சத்தம் என்பது அளவு. அளவு குறைந்தால் வெடி புஸ்ஸென்று போய்விடும். அளவு தப்பினால் என்ன ஆகும் என்பதை அந்த ஊர்த் தாய்மார்களைக் கேட்க வேண்டாம். அவர்கள் முகத்தைப் பார்த்தாலே போதும்.

இத்தனை தெரிந்த அதே ஊர்களில், கொஞ்சம் காசு சேர்ந்து வீட்டு முன்கட்டில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை வாங்கி நிறுத்துகிற மனிதரும் இருக்கிறார். அவர் கேட்கிற கேள்வியைத்தான் மதுரையிலும் சென்னையிலும் கேட்கிறார்கள்: "இவ்வளவு பெரிய ஸ்பீக்கருக்கு எத்தனை வாட் ஆம்ப்ளிஃபயர் போட வேண்டும்?"

கடைக்காரர் ஒரு நம்பர் சொல்வார். பக்கத்துக் கடைக்காரர் அதைப்போல் இரண்டு மடங்கு சொல்வார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொண்டாலும், இந்தக் கேள்விக்குக் கடையில் விடை கிடைக்காது. விடை நூறு வருஷத்துச் சரித்திரத்தில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

முதலில், மின்சாரம் இல்லாத தொண்டையிலிருந்து ஆரம்பிப்போம். நாம் இரண்டு பேர் திண்ணையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுகிறபோது நம் வாயிலிருந்து வெளிவருகிற ஒலியின் சக்தி, ஒரு வாட்டில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு. லட்சம் பேர் ஒரே சமயத்தில் பேசினால்தான் ஒரு வாட் தேறும்! மனிதக் காது அவ்வளவு நுட்பமான கருவி. அந்தச் சின்னஞ்சிறு சக்தியை வைத்துக்கொண்டுதான் நம் முன்னோர்கள் கதாகாலட்சேபம் செய்தார்கள், கூத்து ஆடினார்கள், ராஜ்யத்தையும் கவிழ்த்தார்கள்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் மறைந்தார். அவர் வளர்த்துவிட்ட நாடக மேடையில் மைக் கிடையாது. கொட்டகையின் கடைசித் தரை டிக்கட்டுக்காரன் காதில் வசனமும் பாட்டும் விழ வேண்டும். விழாவிட்டால் அவன் சும்மா இருக்க மாட்டான். ஆகவே அந்தக் காலத்தில் நடிகனுக்கு முதல் தகுதி முகவெட்டு அல்ல, தொண்டை. செங்கோட்டை கிட்டப்பா அந்தத் தொண்டைக்குப் பேர் போனவர். அவரும் கே. பி. சுந்தராம்பாளும் மேடையில் நின்று மேல் ஸ்தாயியில் பாடினால் கொட்டகைக்கு வெளியிலும் கூட்டம் நிற்கும் என்று அந்தக் காலத்து ரசிகர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். கிட்டப்பா 1933-இல், 28 வயதுகூட நிறையாமல் காலமானார். மைக் பிடித்துப் பாடுகிற யுகம் தமிழ் மேடையில் நன்றாக வேரூன்றுவதற்குள் அந்தக் குரல் போய்விட்டது.

கோவில் வீதியில் நாகஸ்வரமும் தவிலும் இருந்தன. ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்துக்கு ஆம்ப்ளிஃபயர் எதற்கு? அது திறந்த வெளியில், ஆயிரக்கணக்கான ஜனங்களின் சந்தடிக்கு நடுவே கேட்பதற்கென்றே பிறந்த வாத்தியம். அதன் கீழ்நுனி ஏன் அப்படி அகன்று விரிந்திருக்கிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? குழலுக்குள் பிறந்த ஒலியை அந்த வாய் அணைத்துக் கொண்டுபோய் வெளிக்காற்றில் சேர்க்கிறது. இந்த அகன்ற வாயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் சிறிது நேரத்தில் மறுபடியும் வரும்.

1915-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள். அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகர மண்டபத்தின் முன்னால் பெருங்கூட்டம். பீட்டர் ஜென்ஸன், எட்வின் பிரிடாம் என்ற இரண்டு பேர் தாங்கள் செய்த மின்சார ஒலிபெருக்கியை அங்கே பேச வைத்தார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'மாக்னவாக்ஸ்'. 'பெருங்குரல்' என்று பொருள். நாலு வருஷம் கழித்து, 1919-இல், ஸான் டியாகோ மைதானத்தில் சுமார் 50,000 பேருக்கு முன்னால் ஜனாதிபதி வில்ஸன் அதே கருவியைக் கொண்டு பேசினார். ஒரு மனிதன் தொண்டை கிழியாமல் ஐம்பதினாயிரம் பேருக்குப் பேச முடியும் என்பது அன்றைக்குப் பெரிய அதிசயம். அந்த அதிசயத்தின் முன்பக்கத்தில் இருந்ததும் அகன்ற வாயுள்ள ஒரு குழாய்தான்.

பிறகு 1925-இல் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் காந்தத்துக்கு நடுவே கம்பிச் சுருளும் அதன் நுனியில் காகிதக் கூம்புமாக ஓர் ஸ்பீக்கரை வகுத்துக் காட்டினார்கள். இன்றைக்கு நம் வீட்டுப் பெட்டியில் இருக்கிற ஸ்பீக்கர் அநேகமாக அதனுடைய பேரப்பிள்ளைதான்.

நம் ஊருக்கு இந்த வித்தை வந்து சேர அதிக காலம் ஆகவில்லை. 1924-இல் சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியார் முதலானோர் ரேடியோ கிளப் தொடங்கினார்கள். 1930-இல் சென்னைக் கார்ப்பரேஷன் ஒலிபரப்பை ஏற்று நடத்தியது. 1938-இல் அகில இந்திய ரேடியோ சென்னையிலும், அடுத்த வருஷம் திருச்சியிலும் நிலையம் திறந்தது. ஆனால் கரிசல் காட்டுக் கிராமவாசிக்கு 'ரேடியோ' என்ற சொல் வேறொரு ரூபத்தில் அறிமுகமாயிற்று. மரத்தின் உச்சியில் கட்டிய குழாயும், கீழே மேஜைமேல் ஆம்ப்ளிஃபயரும், கிராமபோன் தட்டும், மைக்கும் சேர்ந்த அந்தக் கதம்பத்துக்குத் தென்பாண்டிச் சீமையில் 'ரேடியோ செட்' என்று பெயர். "கல்யாணத்துக்கு ரேடியோ செட் உண்டா?" என்று கேட்டால், பெண் வீட்டாருடைய அந்தஸ்தை விசாரிக்கிறார்கள் என்று அர்த்தம்.

ரேடியோ செட்காரர் வருகிற தோரணையே தனி. சைக்கிள் காரியரில் ஒரு பெட்டி, மாட்டு வண்டியில் இரண்டு குழாய். கரண்டு வராத ஊரானால் பாட்டரியும் கூடவே வரும். குழாயில் ஒன்று வேப்ப மரத்தில் ஏறும். மற்றொன்று ஊர்க்கோடியைப் பார்த்துக் கோவில் கோபுரத்துக்குப் பக்கத்தில் நிற்கும். "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்..." என்று அவர் ஊதிப் பார்க்கிறபோது ஊர்ப் பிள்ளைகளெல்லாம் சுற்றிக் குந்திவிடும். விடியற்காலையில் பிள்ளையார் பாட்டு கிளம்பினால், பக்கத்து ஊர்க்காரனும் படுக்கையில் கிடந்தபடியே, "இன்றைக்கு அங்கே விசேஷம்" என்று தெரிந்துகொள்வான். பங்குனிப் பொங்கலானாலும் சரி, ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி போகிற கூட்டத்துக்கு வழியில் போடுகிற தண்ணீர்ப் பந்தலானாலும் சரி, குழாய் இல்லாமல் திருவிழா இல்லை.

இதிலே வேடிக்கை என்னவென்றால், ஊரையே கூப்பிட்ட அந்தப் பெட்டியின் சக்தி முப்பது, நாற்பது வாட்டுக்குள்தான். முப்பது வாட் எப்படி ஊரை நிறைத்தது? ரகசியம், நாகஸ்வரத்தில் பார்த்தோமே, அந்த அகன்ற வாயில் இருக்கிறது. குழாய் ஸ்பீக்கர் ஒரு வாட் வாங்கிக்கொண்டால், ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 105 டெஸிபல் சத்தம் கொடுக்கும். வீட்டிலே வைக்கிற சாதாரணப் பெட்டி ஸ்பீக்கர் அதே ஒரு வாட்டுக்கு 88 டெஸிபல் கொடுத்தால் அதிகம்.

'டெஸிபல்' என்றதும் பயப்பட வேண்டாம். டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல்லின் பெயரை வைத்து அமைத்த அளவு அது. அதன் விசித்திரம் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். பத்து டெஸிபல் கூட்ட வேண்டுமானால் வாட்டைப் பத்து மடங்கு ஆக்க வேண்டும்; ஆனால் காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத்தான் தோன்றும். வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினால் மூன்று டெஸிபல்தான் கூடும். "கொஞ்சம் ஏறியிருக்கிறது போலிருக்கிறதே" என்று காது சொல்லும், அவ்வளவுதான். 50 வாட் ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்துவிட்டு 100 வாட் வாங்கினவர் சத்தம் இரட்டிப்பாகவில்லையே என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதில் நியாயம் இல்லை. சண்டை போட வேண்டுமானால் பிரம்மதேவனோடு போட வேண்டும். காதைப் படைத்தவர் அவர்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். குழாய்க்கும் பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் 17 டெஸிபல். அது ஐம்பது மடங்கு சக்திக்குச் சமம். வேப்ப மரத்துக் குழாய் 30 வாட்டில் செய்த வேலையை வீட்டு ஸ்பீக்கர் செய்ய வேண்டுமானால் 1,500 வாட் வேண்டும்! திறந்த வெளியில், காற்றும் மரமும் தின்றது போக மிச்சம் என்ன என்பது வேறு விஷயம். கணக்குப்படி அந்த முப்பது வாட் குழாயின் சத்தம் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் இரண்டு பேர் பேசிக்கொள்கிற அளவுக்கு இருக்கும். பக்கத்து ஊர்க்காரன் விழித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். பதிலுக்குக் குழாய் ஒன்றை விட்டுக்கொடுத்தது. தவிலின் கீழ்நாதம், மிருதங்கத்தின் தொப்பி ஓசை எல்லாம் அதற்குள் நுழையவே நுழையாது. ஊருக்குக் கேட்டது பாட்டின் எலும்பு மட்டும். சதையை அவரவர் மனம் ஒட்டவைத்துக்கொண்டது.

ஆகவே, 'பெரிய ஸ்பீக்கருக்குப் பெரிய ஆம்ப்ளிஃபயர்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? சரித்திரத்தில் அது நேர்மாறாக இருந்தது. 1946-இல் பால் கிளிப்ஷ் என்ற அமெரிக்கர் வீட்டு மூலையில் வைக்கிற ஒரு பெரிய ஸ்பீக்கரைச் செய்து விற்க ஆரம்பித்தார். அறையின் இரண்டு சுவர்களையே குழாயின் தொடர்ச்சியாகப் பயன்படுத்திக்கொண்ட புத்திசாலித்தனம் அது. பீரோ மாதிரி பெரிது. ஆனால் இரண்டு மூன்று வாட் கொடுத்தாலே வீடு அதிரும். மறு வருஷம் இங்கிலாந்தில் வில்லியம்ஸன் என்பவர் ஓர் ஆம்ப்ளிஃபயர் அமைப்பைப் பத்திரிகையில் வெளியிட்டார். உலகம் முழுவதும் சங்கீதப் பித்தர்கள் அதைப் பார்த்துச் சால்டரிங் அயர்னும் கையுமாக உட்கார்ந்தார்கள். அதன் சக்தி 15 வாட். 'இதற்கு மேல் வீட்டுக்கு என்ன வேண்டும்?' என்றுதான் அந்தத் தலைமுறை நினைத்தது.

நிலைமையை மாற்றியவர் எட்கர் வில்சர். 1954-இல் அவர் ஒரு சின்னப் பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்து, உள்ளே இருக்கிற காற்றையே ஸ்பிரிங்காக வைத்து, பெரிய பெட்டியின் கீழ்நாதத்தை அதிலிருந்து வரவழைத்தார். அபார சாதனை! ஆனால் இயற்கை யாருக்கும் இனாம் கொடுப்பதில்லை. பெட்டி சிறுத்தது; பசி பெருத்தது. அந்தப் பசிக்குத் தீனி போட டிரான்ஸிஸ்டர் வந்தது. 1947-இல் பிறந்த அது, 1960-களில் வீட்டு ஆம்ப்ளிஃபயருக்குள் குடியேறியதும் வாட் மலிந்துவிட்டது. மலிந்த சரக்கை விற்கிறவன் நம்பரைக் கூட்டிச் சொல்லத்தானே செய்வான்? 1974-இல் அமெரிக்க அரசாங்கமே தலையிட்டு, 'ஆம்ப்ளிஃபயர் தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தியைத்தான் வாட் என்று விளம்பரம் செய்ய வேண்டும்' என்று விதி செய்யும்படி ஆயிற்று.

தமிழ்நாட்டுக்கு ஸ்டீரியோ மோகம் வந்தது சினிமாப் பாட்டின் கையைப் பிடித்துக்கொண்டு. ஸ்டீரியோவில் பாடல்கள் பதிவான முதல் தமிழ்ப் படம் என்று பெயர் வாங்கிய 'ப்ரியா' 1978-இல் வெளிவந்தது, சங்கீதம் இளையராஜா. தொடர்ந்து காஸெட் யுகம். டீக்கடைகளிலும் சலூன்களிலும் மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் முளைத்தன. கம்பெனி ஆம்ப்ளிஃபயர் வாங்க முடியாதவர்களுக்கு ஊர் மெக்கானிக் இருந்தார். சென்னை ரிச்சி தெருவில் சாமான் வாங்கி வந்து, இரும்புத் தொப்பி போட்ட '3055' டிரான்ஸிஸ்டர்களை அலுமினியத் தகட்டில் முறுக்கி, டிரான்ஸ்ஃபார்மரைப் பூட்டி, 'அசெம்பிள் செட்' செய்து கொடுத்துவிடுவார். அவருடைய உபதேசம் ஒன்று உண்டு: "ஆம்ப்ளிஃபயரைக் கேட்டு வாங்காதே, தூக்கிப் பார்த்து வாங்கு." டிரான்ஸ்ஃபார்மரின் கனம்தான் வாட்டின் நிஜம் என்பது அதன் பொருள். எடை குறைந்த 'கிளாஸ் டி' ஆம்ப்ளிஃபயர்கள் வந்துவிட்ட இந்தக் காலத்தில் அந்தச் சோதனை பலிக்காது. ஆனால் அந்த மனிதர் சொல்ல வந்தது இன்றைக்கும் பலிக்கும். 'பி.எம்.பி.ஓ. 1,000 வாட்' என்று நெற்றியில் எழுதிய பொம்மைப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 'மின்சாரச் செலவு 20 வாட்' என்று முதுகில் பொடி எழுத்தில் இருக்கும். இருபது படி அளந்து வாங்குகிறவன் தினம் ஆயிரம் படி அளந்து போட முடியுமா?

சரி, முன்கட்டு மனிதருக்கு விடை சொல்லியாக வேண்டும். அவருடைய ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 88 டெஸிபல் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் மூன்று மீட்டர் தள்ளி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தூரத்துக்குக் கழித்து, இரண்டு ஸ்பீக்கருக்குக் கூட்டினால், ஆளுக்கு ஒரு வாட்டில் அவர் காதுக்கு 85 டெஸிபல் கிடைக்கும். வீட்டார் முகம் சுளிக்காத அளவுக்கு, 80 டெஸிபலில் கச்சேரி கேட்கிறார் என்றால் செலவாவது ஒரு வாட்டில் மூன்றில் ஒரு பங்குதான்!

இதைக் கேட்டதும், "அப்படியானால் ஒரு வாட் ஆம்ப்ளிஃபயர் போதுமே" என்பார். போதாது. சங்கீதம் சமதரையில் நடக்கிற விஷயம் அல்ல. தனி ஆவர்த்தனத்தில் ஒரு தீர்மானம் வந்து விழுகிற அந்தக் கணத்தில், சத்தம் சராசரியைப்போல் நூறு மடங்கு சக்தியைக் கேட்கும். நூறு மடங்கு என்றால் சுமார் 30 வாட். கண் மூடித் திறக்கிற நேரம்தான். ஆனால் அந்த நேரத்துக்கு முப்பது வாட் கையில் இருக்க வேண்டும். இதே மனிதர் 82 டெஸிபல் ஸ்பீக்கர் வாங்கியிருந்தால் நாலு மடங்கு, அதாவது 125 வாட் தேவை. 104 டெஸிபல் கொடுக்கிற கிளிப்ஷ் ஸ்பீக்கராக இருந்தால் ஒரு வாட்கூட முழுசாகத் தேவையில்லை. பெட்டியின் உயரத்தை முழம் போட்டுப் பயனில்லை. அதன் முதுகில் எழுதிய டெஸிபலைப் படிக்க வேண்டும். கூடவே 'ஓம்' என்ற நம்பரையும் பார்த்துக்கொள்வது நல்லது. எட்டு ஓம் ஸ்பீக்கர் சாது. நாலு ஓம் ஸ்பீக்கர் இரண்டு மடங்கு கரண்டை உறிஞ்சும், ஆம்ப்ளிஃபயருக்கு அதைத் தாங்குகிற திராணி வேண்டும்.

கையில் சேமிப்பு இல்லாத ஆம்ப்ளிஃபயர் அந்தக் கணத்தில் என்ன செய்கிறது? பொய் சொல்கிறது. மேலே எழும்ப வேண்டிய ஒலி அலையின் தலையைக் கொய்துவிடுகிறது. பாட்டு கரகரக்கும். கேட்கிறவர், "சத்தம் பத்தவில்லை" என்று இன்னும் திருகுவார். இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால், மேல் ஸ்தாயியைப் பாடுகிற சின்ன 'ட்வீட்டர்' ஸ்பீக்கரின் சுருள், மயிரிழை போன்ற கம்பி, ஒரு நாள் கருகிவிடும். பெரிய ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரைக் கொல்லும் என்று எல்லோருக்கும் பயம். சின்ன ஆம்ப்ளிஃபயரைக் கதறக் கதற ஓட்டினாலும் அதே சாவுதான்.

இனி, சத்தத்தின் மறுகரை. 85 டெஸிபலை எட்டு மணி நேரம் காது பொறுக்கும் என்பது வைத்தியர்களும் தொழில் நிபுணர்களும் ஏற்றுக்கொண்ட கணக்கு. மூன்று டெஸிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 100 டெஸிபலுக்குக் கால்மணி நேரம்தான் தவணை. அதற்கு மேல் காது கொடுக்கிற கடன் திரும்பி வராது. பட்டாசுக்கும் இதே டெஸிபலால்தான் எல்லை போட்டார்கள். 1999-இல் வந்த விதிப்படி, வெடிக்கிற இடத்திலிருந்து நாலு மீட்டரில் 125 டெஸிபலுக்கு மேற்பட்ட வெடியைச் செய்யவும் கூடாது, விற்கவும் கூடாது. 2000-ஆம் வருஷத்து விதி, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 என்று வரம்பு கட்டி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்துக் குழாயின் வாயையும் கட்டியது. 2005 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் சத்தத்தைப் பற்றி அளித்த பெரிய தீர்ப்பில் பட்டாசும் ஒலிபெருக்கியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. தாயில்பட்டிக்காரருக்கு இதில் ஆச்சரியம் இருந்திருக்காது. பகலில் செய்கிற தொழிலையும் சாயங்காலம் கேட்கிற பாட்டையும் ஒரே தராசில் நிறுத்தினார்கள், அவ்வளவுதானே!

முன்கட்டு மனிதர் இன்னும் காத்திருக்கிறார். அவருக்குச் சொல்லக்கூடியது இதுதான். உம்முடைய சராசரித் தேவையைப்போல் நூறு மடங்கு வைத்துக்கொள்ளும். சாதாரண ஸ்பீக்கருக்கு அது ஐம்பது வாட்டுக்குள் முடியும். பசித்த ஸ்பீக்கருக்கு நூற்றைம்பது ஆகும். வைத்துக்கொண்டதை வைத்துக்கொண்டே இரும். செலவழித்துக் காட்ட வேண்டாம். களஞ்சியத்தில் நெல் இருக்கிறது என்பதற்காக யாரும் ஒரே வேளையில் பொங்கித் தின்பதில்லை.

கரிசல் காட்டில் குழாய் கட்டிய காலத்தில் சத்தம் ஊரைக் கூட்டியது. கல்யாணம், பொங்கல், சாவு எல்லாவற்றையும் எல்லோருக்கும் சொன்னது. அதற்கு ஒரு நியாயம் இருந்தது. ஆனால் நாலு சுவருக்குள் வந்துவிட்ட சங்கீதத்துக்கு அழைப்பு விடுக்க யாரும் இல்லை. கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தால் போதும். அடுத்த வீட்டில் ஒரு பெண் காலையிலிருந்து திரி வைத்துக் கை ஓய்ந்து, அப்போதுதான் தலையைச் சாய்த்திருக்கிறாள். தீர்மானம் விழுகிறபோது மிருதங்கம் உடையாமல் ஒலிக்க வேண்டும். அவளும் விழித்துக்கொள்ளக் கூடாது. இந்த இரண்டுக்கும் எத்தனை வாட் போதுமோ அத்தனை வாட் போதும்.